நிறைந்தே இருந்த தொட்டி

கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் அவள் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஈரத்துணியை வாளியில் போட்டு மூடி மறந்துவிட்டால் வருமே, அதில் கொஞ்சம். திரிந்த பால் கொஞ்சம். அதற்கும் அடியில், பெயர் சொல்லப் பிடிக்காத ஏதோ ஒன்று. காலையிலேயே ஜன்னல் கம்பி சுட்டது. வெயில் ஏற ஏற இந்த நாற்றத்துக்குக் கைகால் முளைத்துவிடும். கூடத்துக்கு வரும், சமையலறைக்கு வரும், சாப்பிடும் தட்டிலேயே வந்து உட்காரும்.

கட்டிலில் மாமனார் கண்ணை மூடிக் கிடந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அவருக்கு இந்த அறைதான் உலகம். துடைத்துவிட வந்த இரண்டு பெண்களும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிப் போன வாரமே நின்றுவிட்டார்கள். அதன் பிறகு கழுவுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாமே மருமகளான இவள்தான்.

அதன் பிறகுதான் பெரியவரின் பேச்சும் தடுமாறத் தொடங்கியது. உழைத்த காலம் முழுக்கத் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். பெற்ற மகனைப் பார்த்து, "கண்டக்டர், விசில் குடுப்பா" என்றார். மூளை கலங்கிவிட்டது என்று வீடு முடிவுகட்டியது. வெளியூரில் அழகு நிலையம் நடத்தும் நாத்தனார் போனிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை நான் வர்றேன் அண்ணி. ஒரு முதியோர் ஹோம்ல பேசி வெச்சிருக்கேன். சாயங்காலம் அவங்களே வண்டி அனுப்புவாங்க."

இன்று சனிக்கிழமை.

"மாமா, துடைச்சு விட்டுடறேன். கொஞ்சம் திரும்புங்க."

"நேத்துதானே ரெண்டு தடவை துடைச்சே?" அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் பிசின் தடவியதுபோல ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். கையிடுக்கு, கழுத்து மடிப்பு, தொடை. தோல் சிவந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுவப்படும் பாத்திரம் மாதிரி கிடந்தார். குனிந்து அவர் கழுத்தை முகர்ந்தால் சோப்பு வாசம்தான். நிமிர்ந்தால் அறை நாறியது. உடம்புக்கு உள்ளே இருந்து வருகிறது, அதற்குச் சோப்பு கிடையாது என்று அவளாகவே ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஒரே ஒரு ஆறுதல் உண்டு. படுக்கை நனைவதில்லை. ஒரு வாரமாகவே அப்படித்தான். எப்போதாவது யூரின் பாட்டிலில் கொஞ்சம், அவ்வளவுதான். தேறிவருகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். துவைக்க விரிப்பு இல்லாத காலை, பண்டிகைக் காலை மாதிரி இருந்தது.

கட்டிலை ஒட்டி ஏர் கூலர் இரைந்துகொண்டிருந்தது. இரைச்சல் இருந்த அளவுக்குக் குளிர்ச்சி இல்லை. அவர் முகத்துக்கு நேராக அதைத் திருப்பி வைத்தாள். ஸ்டூலில் தண்ணீர் பாட்டில், ஒரு தம்ளர் பால், ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு.

"எல்லாத்தையும் குடிக்கணும் மாமா. வெயில் கொளுத்துது."

"குடிச்சிடறேன்மா."

தினமும் சொல்வார். தினமும் தம்ளர்கள் காலியாகத்தான் இருக்கும்.

பால்கனியில் கணவன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு தேநீர் குடித்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். கிரீஸும் எலி செத்த குழியும் அவனுக்கு ஒன்றும் செய்யாது. அப்பாவின் அறை மட்டும் ஆகாது.

"எப்படித்தான் உள்ளே போறியோ! மூக்கைக் கழட்டி கிளினிக்லயே வெச்சுட்டு வந்துடறியா?"

"மூக்கு இருக்கு. போறதுக்கு வேற ஆள்தான் இல்ல."

"எனக்கு வாந்தி வருதே, என்ன பண்ணச் சொல்றே?"

"எனக்கும்தான் வருது. முழுங்கிக்கறேன்." செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "கூலர்ல தண்ணி பார்த்தீங்களா?"

அப்பாவுக்காக அவன் செய்யும் ஒரே வேலை அது.

"அதெல்லாம் இருக்கு" என்றான், தெருவைப் பார்த்தபடி.

*

பல் மருத்துவமனையில் அவள் உதவியாளர். வாய்க்குள் குழாயை வைத்து எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. சீழ் கட்டிய ஈறு, அழுகிய கடைவாய்ப்பல், புகையிலை அடைத்துக் கறுத்த கன்னம் எல்லாவற்றையும் ஒரு சாண் தூரத்தில் பார்த்தவள். "உன் முகம் மாறவே மாறாதே, அதனாலதான் உன்னை விடமாட்டேங்கறேன்" என்று டாக்டரம்மா சொல்வார்.

முகம் மாறும். முகமூடிக்குள் மாறும். அந்த நீலத் துணிக்குப் பின்னால் எத்தனை தரம் உதட்டைச் சுளித்திருப்பாள், மூச்சை அடக்கிக் கெட்ட வார்த்தை கூட முணுமுணுத்திருப்பாள்! கண்கள் மட்டும் அன்பாக இருந்தால் போதும். கண்களைப் பழக்கிவிடலாம். வாயைத்தான் பழக்க முடியாது.

இன்று முதலில் வந்தவள் சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கும் பெண். வாயைத் திறந்ததும் டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"என்னம்மா இது, நாக்கு செருப்புத் தோல் மாதிரி இருக்கு? தண்ணியே குடிக்கறதில்லையா?"

"குடிச்சா போகணுமே டாக்டர். அங்கே இருக்கற கக்கூஸைப் பார்த்தீங்கன்னா ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது. அதான் ஷிஃப்ட் முடியற வரைக்கும் சொட்டுத் தண்ணி தொடறதில்ல."

"இந்த வெயில்ல, அந்தத் தகரப் பெட்டிக்குள்ள?"

"பழகிடுச்சு. தலைதான் கிர்ருனு சுத்துது. நேத்து வீட்டுக்குப் போக வேற பஸ்ல ஏறிட்டேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் தெரியவே இல்ல. புருஷன் என்னைப் பைத்தியம்ங்கறான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பைத்தியம் இல்ல, தாகம். வயசானவங்களா இருந்தா இந்நேரம் ஆளே மாறிப் பேசுவாங்க. பேர் மறக்கும், இடம் மறக்கும். பக்கத்துல இருக்கறவங்க புத்தி போச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

உறிஞ்சுகுழாய் அவள் கையில் காற்றை உறிஞ்சி உறிஞ்சிச் சத்தம் போட்டது. அந்தப் பெண்ணின் வாயில் உறிஞ்ச எதுவுமே இல்லை.

ஒட்டி ஒட்டிப் பிரிந்த உதடுகள். 'கண்டக்டர், விசில் குடுப்பா.'

தினம் எத்தனை வாயைத் திறக்கச் சொல்கிறாள்! வீட்டில் ஒரு வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே. தோன்றாமல் என்ன? கிட்டே குனியப் பிடிக்கவில்லை. அதுதான் நிஜம்.

ஆனால் தம்ளர் காலியாக இருக்கிறதே? பாட்டில் காலியாக இருக்கிறதே?

"டாக்டர், நான் இன்னிக்கு முன்னாடியே கிளம்பணும்."

*

கூடத்தில் நாத்தனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையில் வாசனைத் திரவியத்தைக் கொட்டி மூக்கில் வைத்திருந்தாள். காலடியில் அப்பாவின் துணிப்பை தயாராக இருந்தது.

"வாங்க அண்ணி. எப்படி இந்த வீட்ல இருக்கீங்க? எனக்குக் கண்ணே எரியுது. அப்பா என்னைப் பார்த்து, 'டிக்கெட் வாங்கிட்டியாம்மா'ங்கறார். நான் சிரிக்கறதா அழறதா?"

"அப்பாகிட்ட போய் உட்கார்ந்தியா?"

"வாசப்படி வரைக்கும் போனேன்." கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க, உங்களைக் குறை சொல்லல. ஆனா ஒரு மனுஷனை இப்படி நாற விட்டு வெச்சிருக்கறது பாவம் இல்லையா? ஹோம்ல ஆள் இருக்காங்க, பழகினவங்க."

இவள் வாய்வரை வந்த வார்த்தையைத் திரும்ப உள்ளே தள்ளினாள். நாற விட்டது யார் என்று பேச இப்போது நேரமில்லை.

பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அறைச் சூடும் நாற்றமும் வாயில் ஊறிய எச்சிலைக் கசப்பாக்கின. குனிந்தாள். இன்னும் கிட்டே குனிந்தாள்.

"மாமா, ஆ காட்டுங்க."

நாக்கு நடுவில் பிளந்திருந்தது. எச்சில் நூலாக இழுபட்டு அண்ணத்தில் ஒட்டியது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய இடம் கூடாரம் போல அப்படியே நின்றது.

ஸ்டூலில் பாட்டில் காலி. தம்ளர்கள் காலி.

அவள் சமையலறைக்குப் போய் இன்னொரு தம்ளர் பால் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க மாமா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கதவு கீல் இடுக்கில் கண்ணை வைத்து நின்றாள். நாத்தனார் 'என்ன?' என்று சைகை காட்டினாள். உதட்டில் விரலை வைத்து அவளையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பெரியவர் கதவைப் பார்த்தார். தம்ளரை எடுத்தார். கட்டில் விளிம்பு வரை நகர்ந்தார், வலியில் முகம் கோணியது. கூலரின் பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றும் சின்ன மூடியைத் தள்ளினார். பாலைச் சத்தமில்லாமல் அதற்குள் சரித்தார். ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. எவ்வளவு பழகிய கை!

பிறகு தம்ளரை வைத்துவிட்டு, குடித்தவர்போல வாயைத் துடைத்துக்கொண்டார். வறண்ட வாயைத் துடைத்துக்கொண்ட அந்தப் பொய்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

*

மாடிப்படியில் நின்றிருந்த கணவனைக் கூப்பிட்டு, கூலரைக் கூடத்துக்கு இழுத்துவந்து பின்தட்டைக் கழற்றச் சொன்னாள். கடைசித் திருகு கழன்றதும் மூன்று பேரும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள்.

தொட்டி நிறைய இருந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மேலே மஞ்சளாக ஒரு ஆடை, பாயசத்தில் படிவது போல் கெட்டியாக, ஓரங்களில் பச்சை பூத்து. அடியில் தயிரும் சளியும் கலந்ததுபோல் ஏதோ அசைந்தது. எலுமிச்சை விதைகள் வீங்கி மிதந்தன. அவள் காய்ச்சிய கஞ்சித்தண்ணீர், கரைத்துவைத்த உப்பு சர்க்கரைத் தண்ணீர், எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. நார்த்தட்டில் கொழகொழவென்று ஒரு படலம். அதன்மேல் ஒரு புழு, அவசரமே இல்லாமல் ஊர்ந்தது.

நாத்தனார் குளியலறைக்கு ஓடினாள். உள்ளே அவள் குமட்டும் சத்தம் கேட்டது.

இவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒரு வாரமாக இந்தக் காற்றை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பி வைத்தது அவள் கைதான். காற்று ஊதியதை அவர் உடம்பு நாறுவதாக நினைத்து, தோல் சிவக்கச் சிவக்க அவரைத் தேய்த்ததும் அதே கைதான்.

கூலரைப் பார்த்து வந்த அருவருப்பு மெல்லத் திரும்பி அவள் பக்கம் வந்தது.

"பம்ப் அடைச்சுக்கிச்சு" என்றான் கணவன், மூக்கை முழங்கையில் புதைத்தபடி. "தண்ணி மேல ஏறவே இல்ல. வெறும் ஃபேன்தான் சுத்தியிருக்கு."

"தினமும் தண்ணி பார்க்கறது நீங்கதானே?"

"வெளியில இருக்கற அளவு முள்ளைப் பார்த்தேன், தொட்டி நிறைஞ்சேதான் இருந்துச்சு. நீ ஊத்தியிருப்பேன்னு நினைச்சேன்."

"திறந்து பார்க்கலையா?"

"நிறைஞ்சிருக்கறதை எதுக்குத் திறக்கணும்?" எரிந்து விழுந்தான். அதற்குமேல் அவன் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு நாத்தனார் வந்தாள். கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது. "அப்போ... அப்பா நாறல?"

"இல்ல."

"பைத்தியமும் இல்லையா?"

"டாக்டர்தான் சொல்லணும். உடம்புல சொட்டுத் தண்ணி இல்ல. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஹோம் வண்டியை இப்பவே வரச் சொல்லு. வண்டிதானே, எங்க போகச் சொன்னாலும் போகும்."

நாத்தனார் போனை எடுத்தாள். பேசி முடித்துவிட்டு, "கிளம்பிட்டாங்களாம். ஆனா அண்ணி, அந்த இடத்தைத் திங்கக்கிழமை வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க" என்றாள். பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவளாகத் தன் பெட்டியைத் திறந்து பார்லர் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நீங்க போங்க. இந்தக் கண்றாவியை நான் பார்த்துக்கறேன். முடிக்குச் சாயம் பூசுற கைதான், சாகாது."

*

வண்டி வரும்வரை அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வாயையும் யோசித்து யோசித்து விழுங்கினார். நேரம் போகப் போக, கண்ணில் ஒரு ஆள் திரும்பி வருவது தெரிந்தது.

"ஏன் மாமா?"

"வண்டியில ஏறிட்டா நான் தண்ணி தொடமாட்டேன்மா. பஸ் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும். நடுவழியில நிறுத்திட்டு டிரைவர் புதருக்கு ஓடினா மரியாதையா இருக்குமா? அடக்கி அடக்கிப் பழகிட்டேன்."

"இது பஸ் இல்லையே. கட்டில்."

"பஸ்ஸாவது பரவாயில்ல. டிப்போ வந்தா நானே இறங்கிடுவேன்." இன்னொரு ஸ்பூன் தண்ணீரை விழுங்கினார். "அன்னிக்கு உன் முகத்தைப் பார்த்தேன்மா."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஈரவிரிப்பை உருவும்போது அது சுழன்று அவள் உதட்டில் பட்ட நாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைத் திருப்பி, கண்ணை இறுக மூடி, எழுந்த ஓங்கரிப்பை அடக்கினாள். அடக்கிவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

வீட்டில் அவள் முகமூடி போடுவதில்லை.

"அப்படியெல்லாம் இல்ல மாமா" என்று ஒரு பொய் நுனிநாக்கு வரை வந்தது. வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

*

வேனுக்குள் அனல். பெரியவரை நீள இருக்கையில் கிடத்தி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கணவன் முன்னால் டிரைவர் பக்கத்தில். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கும்போதெல்லாம் மாமனார் மறுக்காமல் ஒரு வாய் குடித்தார். ஓடும் வண்டியில் தண்ணீர் குடிக்கும் விசித்திரத்தை அவரே ரசித்த மாதிரி இருந்தது.

"தம்பி, கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டாதே. பாவம், அதுக்கும் உயிர் இருக்கு."

"சரிங்கய்யா" என்று டிரைவர் சிரித்தான்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கை அவள் புடவையைப் பிடித்தது. முகத்தில் பழைய பயம்.

"அம்மா... வண்டியை..."

முழுதாகச் சொல்லவிடாமல் அவள் குரல் கொடுத்தாள். "தம்பி, ஓரமா நிறுத்துங்க."

வேன் நின்றது. பக்கத்தில் லாரிகள் இரைந்து போயின. யூரின் பாட்டிலைச் சரியாக வைத்துப் பிடித்தாள். அவர் வேறெங்கும் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல.

வந்தது கொஞ்சம்தான். கடுந்தேநீர் நிறம். அந்தச் சூட்டில் அதன் நெடி மூக்கைத் துளைத்து நெற்றியில் ஏறியது. அவள் மூக்கு சுருங்கியது, உதடு கோணியது. கோணட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நாறுது மாமா. ரொம்பவே நாறுது. என் மூஞ்சி இப்படித்தான் போகும், நாளைக்கும் போகும். அதைப் பார்த்துட்டுத் தண்ணியை நிறுத்தினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். என் மூஞ்சி என் பாடு. நீங்க குடிங்க."

அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லுவேன்னு நினைச்சேன். 'ஐயையோ அப்படியெல்லாம் இல்ல மாமா'ம்பே, நான் கேட்டுக்கிட்டுப் பேசாம இருக்கணும்னு நினைச்சேன்." தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டி, தானே தூக்கி இரண்டு மடக்குக் குடித்தார். "நீ வாயைத் திறந்து சொல்லிட்டே. அவன் சொல்லல."

"யாரு?"

"நான் கூலர்ல ஊத்தறப்போ வாசப்படியில வந்து நின்னான். ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டோம். என்னைத் திட்டப் போறான்னு நினைச்சேன்." அவர் குரலில் புகார் இல்லை. வழியில் பார்த்த ஒரு மைல்கல்லைச் சொல்வது போலச் சொன்னார். "கதவைச் சாத்திட்டுப் போயிட்டான்."

மனம் தெளிந்து சொன்னாரா, இன்னும் கலங்கிச் சொன்னாரா? மகனைக் கண்டக்டர் என்ற அதே வாய்தானே இதுவும்?

அவள் தலையைத் தூக்கினாள். வேனுக்குள் எல்லாருக்கும் கேட்டிருக்கும். டிரைவர்கூட கண்ணாடி வழியாக ஒருமுறை பின்னால் பார்த்தான்.

கணவன் திரும்பவில்லை. பிடரியில் வேர்வை ஒரு கோடாக இறங்கி, சட்டைக் காலருக்குள் போயிற்று.

"வண்டியை எடுங்க" என்றான், முன்கண்ணாடியைப் பார்த்து.

அந்தப் பிடரியையே பார்த்தபடி அவள் யூரின் பாட்டிலின் மூடியை அழுத்தி மூடினாள். மூடிய பிறகும் குமட்டல் அடங்கவில்லை.